குழந்தையின் காதில் 'குரோமெட்' ட்யூப்: உடனே ஆபரேஷனா, கொஞ்சம் காத்திருக்கலாமா?

"ரெண்டு காதுலயும் பறைக்குப் பின்னாடி தண்ணி கோத்திருக்கு. சின்னதா ஒரு ட்யூப் போட்டுட்டா சரியாகிடும். அடுத்த வாரம் டேட் பார்க்கட்டுமா?"

மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இதைக் கேட்கும் அம்மா, அப்பாவுக்கு அதன் பிறகு டாக்டர் சொல்லும் எதுவும் மனதில் நிற்பதில்லை. 'மயக்க மருந்து' என்ற ஒரே வார்த்தைதான் திரும்பத் திரும்ப ஒலிக்கும். வீட்டுக்கு வந்தால் பாட்டி, "இவன் அப்பனே மூணு வயசுக்கு மேலதான்மா பேசினான், இதுக்குப் போய் ஆபரேஷனா?" என்பார். அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டால் ஒருவர், "எங்க பையனுக்குப் போட்டோம், ஒரே வாரத்துல நல்லா கேட்க ஆரம்பிச்சுட்டான்" என்பார். இன்னொருவர், "நாங்க போடவே இல்லை, தானா சரியாயிடுச்சு" என்பார்.

ரெண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அதனால்தான் இந்த முடிவு இவ்வளவு குழப்புகிறது. டாக்டர் சொன்ன உடனே தலையாட்டுவதும் சரியல்ல, பயந்துபோய் அந்தப் பக்கமே போகாமல் இருப்பதும் சரியல்ல. எதை வைத்து முடிவெடுப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காதுக்குள்ள என்னதான் நடக்குது?

செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்ற சின்ன அறை இருக்கிறது. அதில் இருக்க வேண்டியது காற்று மட்டும்தான். அந்தக் காற்றைப் புதுப்பிக்க, மூக்கின் பின்பகுதியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வருகிறது. அதன் பெயர் யூஸ்டேஷியன் குழாய். விமானம் மேலே ஏறும்போது எச்சில் விழுங்கினால் 'டப்'பென்று காது திறக்கிறதே, அந்த வேலையைச் செய்வது இதுதான்.

பெரியவர்களுக்கு இந்தக் குழாய் நீளமாகவும் சாய்வாகவும் இருக்கும். குழந்தைகளுக்கு அது குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கை வாட்டத்தில் இருக்கும். ஒரு சளி பிடித்தால் போதும், எளிதில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் நடுச்செவிக்குள் காற்று குறைந்து நீர் சேரும். நாளாக ஆக அது பசை மாதிரி கெட்டியாகவும் மாறலாம். ஆங்கில மருத்துவத்தில் இதற்கு 'குளூ இயர்' என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு.

இதைக் காது வலியுடனோ, காது வடிதலுடனோ குழப்பிக்கொள்ளக் கூடாது. கிருமித் தொற்றால் நடுச்செவி திடீரென வீங்கினால் காய்ச்சல், வலி, ராத்திரி முழுக்க அழுகை எல்லாம் இருக்கும். செவிப்பறையில் ஓட்டை விழுந்து மாதக்கணக்கில் சீழ் வடிவது இன்னொரு நோய், அதற்கான சிகிச்சையும் வேறு. நாம் பேசும் 'நீர் கோத்தல்' சத்தமில்லாமல் வருவது. பெரும்பாலும் வலி இருக்காது, காய்ச்சலும் இருக்காது. குழந்தைக்குக் காது கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான். அதனாலேயே இது வெளியே தெரிவதில்லை.

எல்லாக் குழந்தைக்கும் வருமா?

ஏறக்குறைய எல்லோருக்கும். பள்ளியில் சேரும் வயதுக்குள் சுமார் 90 சதவீதக் குழந்தைகளுக்கு ஒரு முறையாவது நடுச்செவியில் நீர் சேர்ந்திருக்கும் என்கின்றன மருத்துவ வழிகாட்டிகள். பெரும்பாலானவர்களுக்கு அது 3 மாதத்துக்குள் தானாக வடிந்துவிடும். பெற்றோருக்கே தெரியாமல் வந்து தெரியாமலே போய்விடும். ஆனால் 30 முதல் 40 சதவீதம் பேருக்குத் திரும்ப வரும். 5 முதல் 10 சதவீதம் பேருக்கு ஒரு வருஷமோ அதற்கு மேலுமோ தங்கிவிடும்.

இந்த முடிவில் '3 மாதம்' என்ற கணக்கு அடிக்கடி வருவதற்கு இதுதான் காரணம். யாருக்குத் தானாக வடியும், யாருக்குத் தங்கும் என்று முதல் நாளே காதைப் பார்த்துச் சொல்ல முடியாது. 3 மாதம் போனால்தான் தெரியும். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அமைப்பு 2022-ல் புதுப்பித்த வழிகாட்டி இதைத் தெளிவாகச் சொல்கிறது: நீர் கோத்து 3 மாதம் ஆகவில்லை என்றால் ட்யூப் போடக் கூடாது. எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால், டாக்டர் கண்டுபிடித்த தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

ஆக, நேற்றுதான் முதன்முறையாக நீர் கோத்திருப்பது தெரிந்தது, வேறு எந்தச் சிக்கலும் இல்லை, அடுத்த வாரமே ஆபரேஷன் என்றால், "ஏன் இவ்வளவு சீக்கிரம் டாக்டர்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எவ்வளவு கேட்காமல் போகும்?

நீர் கோத்த குழந்தைக்கு சராசரியாக 25 டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறன் குறையலாம். சிலருக்குக் குறைவே தெரியாது, சிலருக்கு 50 டெசிபலைத் தொடும். 25 டெசிபல் என்றால் எப்படி இருக்கும்? இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். கேட்கும். ஆனால் தெளிவிருக்காது. மிக்ஸி ஓடும்போது சமையலறையிலிருந்து அம்மா சொல்வது சுத்தமாகப் புரியாது.

பெரியவர்களுக்கு விட்டுப்போன எழுத்தை ஊகித்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. மொழியை இப்போதுதான் கற்கும் குழந்தைக்கு அது கிடையாது. 'பல்', 'பால்', 'பாய்' மூன்றும் அதற்கு ஒன்றுபோலக் கேட்கலாம். தமிழில் வந்தது ஆணா பெண்ணா, ஒருத்தரா பலரா என்பதெல்லாம் வார்த்தையின் வால்பகுதியில்தான் இருக்கிறது. 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தாங்க' என்று குரல் இறங்கும் இடத்தில் வரும் அந்த மெல்லிய ஒலிகள்தான் முதலில் தேய்ந்துபோகும்.

வீட்டில் இது வேறு பெயர்களில் அறியப்படும். 'அடம்', 'கவனமே இல்லை', 'டிவி பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போச்சு', 'சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குறா'. சிலர் ஆட்டிசமாக இருக்குமோ என்று ராத்திரி இரண்டு மணிக்கு கூகுள் செய்துகொண்டிருப்பார்கள். பேச்சு தாமதமாகும் எந்தக் குழந்தைக்கும் முதலில் செய்ய வேண்டியது காது பரிசோதனை. இதைத் தாண்டிவிட்டு நேராக ஸ்பீச் தெரபிக்கோ, 'ஸ்கிரீன் டைம்' சண்டைக்கோ போவது வீண்.

"பிறந்தப்போ டெஸ்ட்ல பாஸ் ஆச்சே?"

பல பெற்றோர் நம்பி ஏமாறும் இடம் இது. பிறந்த சில நாளில் செய்யும் ஸ்கிரீனிங், பிறவியிலேயே கேட்கும் குறை இருக்கிறதா என்று பார்ப்பதற்கானது. ஒன்றரை வயதில் ப்ளே ஸ்கூல் போய், மாதம் ஒரு சளி பிடித்து, அதனால் சேரும் நீரைப் பற்றி அந்த 'பாஸ்' எதுவும் சொல்லாது. அன்று எழுதிய தேர்வின் ரிசல்ட் இன்றைக்குப் பொருந்தாது.

முடிவெடுக்கும் முன் என்ன டெஸ்ட்?

கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனைகள் இரண்டு.

முதலாவது, டிம்பனோமெட்ரி. சில இடங்களில் 'இம்பீடன்ஸ் டெஸ்ட்' என்பார்கள். காதுத் துவாரத்தில் சின்ன முனையை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றி, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பார்கள். ஒரு காதுக்குச் சில வினாடிதான், வலிக்காது. ரிப்போர்ட்டில் கோடு மலை மாதிரி ஏறி இறங்கினால் 'ஏ' வகை, இயல்பு. தட்டையாகப் போனால் 'பி' வகை. பறை அசையவில்லை, பின்னால் நீர் இருக்கலாம் என்று அர்த்தம். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் தட்டைக் கோடு வரும் என்பதால், முதலில் காதைச் சுத்தம் செய்து பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது, கேட்கும் திறன் பரிசோதனை. நீர் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. குழந்தைக்குக் கேட்கிறதா என்பது வேறு கேள்வி. நீர் இருந்தும் நன்றாகக் கேட்கும் குழந்தைகள் உண்டு. நான்கு வயதுக்கு மேல் என்றால் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கை தூக்கச் சொல்வார்கள். அதற்குக் கீழே, சத்தம் கேட்கும்போதெல்லாம் டப்பாவில் கட்டையைப் போடும் விளையாட்டாகச் செய்வார்கள். இன்னும் சின்னக் குழந்தை என்றால் சத்தம் வரும் பக்கம் தலை திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். ஒத்துழைக்காத குழந்தைகளுக்குத் தூங்கும்போது எடுக்கும் 'பெரா' பரிசோதனை இருக்கிறது.

நீர் 3 மாதம் தாண்டிவிட்டால் இந்த இரண்டாவது டெஸ்ட் கட்டாயம் வேண்டும். ஆடியோகிராம் இல்லாமல் ட்யூப் பற்றி முடிவெடுப்பது, கண்ணைச் சோதிக்காமல் கண்ணாடி வாங்குவது மாதிரி.

சரி, குரோமெட்னா என்ன?

அரிசி மணியை விடச் சின்ன, நடுவில் துளையுள்ள பிளாஸ்டிக் குழல். செவிப்பறையில் நுண்ணிய கீறல் போட்டு, உள்ளே இருக்கும் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்தக் கீறலில் இதைச் செருகிவிடுவார்கள். வெளியே தையல் எதுவும் இருக்காது. இரண்டு காதுக்கும் சேர்த்து 10, 15 நிமிட வேலை. பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

யூஸ்டேஷியன் குழாய் செய்ய வேண்டிய வேலையை இந்தத் துளை தற்காலிகமாகச் செய்கிறது. வெளியிலிருந்து நடுச்செவிக்குக் காற்றை விடுகிறது. செவிப்பறை வளர வளர, வழக்கமாக 6 முதல் 18 மாதங்களில் அது தானாகவே வெளியே தள்ளிவிடும். அதற்குள் குழந்தை வளர்ந்து, குழாயும் தன் வேலையைக் கற்றுக்கொண்டிருக்கும் என்பதுதான் கணக்கு.

புது வைத்தியம் ஒன்றுமில்லை. அமெரிக்க மருத்துவர் பெவர்லி ஆம்ஸ்ட்ராங் 1954-ல் வினைல் குழலைப் பயன்படுத்தியதிலிருந்து இது பரவலானது. அமெரிக்காவில் இன்று 3 வயதுக்குள் சுமார் 15 குழந்தைகளில் ஒருவருக்கு ட்யூப் போடப்படுகிறது.

ஆய்வுகள் யார் பக்கம்?

இங்கேதான் பாட்டிக்கும் டாக்டருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் மார்க் கிடைக்கிறது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜாக் பாரடைஸ் தலைமையிலான குழு, 3 வயதுக்குள் தொடர்ந்து நீர் கோத்திருந்த 429 குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு உடனே ட்யூப். இன்னொரு பிரிவுக்குப் பல மாதம் காத்திருந்து, அப்போதும் நீர் இருந்தால் மட்டும் ட்யூப். 2001-ல் முதல் முடிவு வந்தது. 9 முதல் 11 வயது வரை அதே குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2007-ல் அடுத்த முடிவை வெளியிட்டார்கள். பேச்சு, படிப்பு, நடத்தை எதிலும் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆரோக்கியமான குழந்தைக்குச் சில மாதம் காத்திருப்பதால் எதிர்காலம் பறிபோய்விடாது என்பதற்கு இது வலுவான சான்று.

அடிக்கடி காதில் தொற்று வருகிற குழந்தைகள் இன்னொரு ரகம். 6 மாதத்தில் 3 முறை, அல்லது ஒரு வருஷத்தில் 4 முறை என்று வருபவர்கள். இவர்களில் 6 முதல் 35 மாத வயதுள்ள 250 பேரை வைத்து நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. ட்யூப் போட்டவர்களுக்கு இரண்டு வருஷத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1.48 முறை தொற்று. ட்யூப் இல்லாமல் வரும்போதெல்லாம் மருந்து கொடுத்தவர்களுக்கு 1.56 முறை. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மருந்துப் பிரிவில் பலருக்குத் தொற்று கட்டுக்குள் வராததாலோ, பெற்றோர் கேட்டதாலோ கடைசியில் ட்யூப் போட வேண்டிவந்தது. இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அப்படியென்றால் ட்யூபால் பலனே இல்லையா? இருக்கிறது. நீர் வெளியேறியதும் கேட்பது தேறுகிறது. முதல் சில மாதங்களில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதன் பிறகு குறைந்துகொண்டே வரும். காரணம், ட்யூப் போடாத குழந்தைகளில் பலருக்கும் அதற்குள் நீர் தானாக வடிந்திருக்கும். அந்தச் சில மாதங்கள் உங்கள் குழந்தைக்கு எவ்வளவு முக்கியம் என்பதுதான் எடை போட வேண்டிய விஷயம்.

எப்போ காத்திருக்கலாம், எப்போ கூடாது?

*காத்திருக்கலாம்:*
- நீர் கோத்து 3 மாதம் ஆகவில்லை
- 3 மாதம் ஆகியும் கேட்கும் திறன் இயல்பாக இருக்கிறது, பேச்சு வயதுக்கு ஏற்ப வளர்கிறது
- அடிக்கடி தொற்று வந்த குழந்தைதான், ஆனால் பரிசோதிக்கும்போது காதுக்குள் நீரே இல்லை

*ட்யூப் பற்றித் தீவிரமாகப் பேச வேண்டியது:*
- இரண்டு காதிலும் 3 மாதத்துக்கு மேல் நீர் இருக்கிறது, கேட்பது குறைந்திருப்பது டெஸ்ட்டில் உறுதியாகிவிட்டது
- ஒரு காது என்றாலும், நடையில் தள்ளாட்டம், பள்ளியில் பின்தங்கல், நடத்தை மாற்றம், காதில் தொந்தரவு போன்றவை அதனால்தான் என்று தோன்றுகிறது
- அடிக்கடி தொற்று வருகிறது, பரிசோதனையின்போதும் நடுச்செவியில் நீர் நிற்கிறது

*தள்ளிப்போடக் கூடாதது:*
- பிளவு அண்ணம், டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், பார்வைக் குறை, ஏற்கனவே நிரந்தரக் கேட்கும் குறை, உறுதியான பேச்சுத் தாமதம் உள்ள குழந்தைகள். பாரடைஸ் ஆய்வின் நிம்மதி இவர்களுக்குப் பொருந்தாது. மற்றவர்களுக்கான 3 மாதக் கணக்கை இவர்கள்மீது அப்படியே போடக் கூடாது
- செவிப்பறை உள்ளே இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தால்

காதுக்குப் பின்னால் வீக்கம், காது மடல் வெளியே தள்ளி நிற்பது, முகம் ஒரு பக்கம் கோணுவது, காது வலியோடு கடும் காய்ச்சலும் சோர்வும் என்றால் அது அவசரம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாத்திரை, டிராப்ஸ், எண்ணெய்?

நீர் கோத்தலுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. சளி மாத்திரை, அலர்ஜி மாத்திரை, ஸ்டீராய்டு எதற்கும் நிலையான பலன் நிரூபிக்கப்படவில்லை. மூன்று மாதமாக மாற்றி மாற்றி சிரப் எழுதிக்கொடுத்தால், அந்த நீர் வடிந்தது சிரப்பாலா, நாள் போனதாலா என்று யாருக்கும் தெரியாது. அலர்ஜியோ, மூக்கடைப்போ தனியாக இருந்தால் அதற்கு மருந்து தேவைப்படலாம், அது வேறு விஷயம்.

காதில் தேங்காய் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, தாய்ப்பால் விடுவது, பட்ஸ் போட்டுக் குடைவது எதுவும் பயன்படாது. நீர் இருப்பது பறைக்குப் பின்னால். வெளியே ஊற்றுவது அங்கே போகவே போகாது. பறையில் ஓட்டை இருந்தால் போய்விடும், அது இன்னும் ஆபத்து.

நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒரு எளிய பயிற்சி இருக்கிறது. இதற்கென்றே உள்ள பலூனை ஒரு மூக்குத் துவாரத்தால் ஊதச் செய்வது. பிரிட்டனில் 4 முதல் 11 வயதுள்ள 320 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. 3 மாதத்தில் ஒரு காதாவது இயல்புக்குத் திரும்பியவர்கள், பலூன் ஊதியவர்களில் சுமார் 50 சதவீதம், ஊதாதவர்களில் சுமார் 38 சதவீதம். பெரிய அதிசயம் இல்லை, ஆனால் கெடுதலும் இல்லை. எப்படிச் செய்வதென்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யலாம்.

மயக்க மருந்து பயம்

நியாயமான பயம்தான். 3 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் அல்லது திரும்பத் திரும்பத் தரும் மயக்க மருந்து பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் எச்சரித்தது. குரோமெட் அந்த ரகம் இல்லை. பச்சிளம் பருவத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஒரே ஒரு முறை மயக்க மருந்து பெற்ற குழந்தைகளை ஏழு நாடுகளில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019-ல் வெளியானது. 5 வயதில் அவர்களின் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

ஆனாலும் மயக்க மருந்து விளையாட்டல்ல. குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். சாப்பாடு, பால், தண்ணீர் எப்போது நிறுத்த வேண்டும் என்று சொன்னால் நிமிடம் பிசகாமல் கடைப்பிடியுங்கள். "பாவம், பசிக்குது"ன்னு பாட்டி நடுவில் ஒரு வாய் பால் கொடுத்துவிட்டால், அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

"அடினாய்டையும் சேர்த்து எடுத்துடலாமா?"

மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கி, குழாயின் வாயை அடைக்கலாம். 4 வயதுக்கு மேல் என்றால் ட்யூபோடு அதையும் எடுப்பது, திரும்ப ட்யூப் போடும் தேவையைக் குறைக்கலாம். 4 வயதுக்குக் கீழ், தீராத மூக்கடைப்பு போல அடினாய்டால் நேரடியாக வரும் தொந்தரவு இருந்தால் மட்டுமே அதற்கு நியாயம் உண்டு. நீர் கோத்தலுக்காக மட்டும் டான்சிலை எடுப்பது தேவையில்லை. 'சேர்த்தே பண்ணிடலாம்' என்று சொன்னால், எது எதற்காக என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

போட்ட பிறகு என்ன ஆகும்?

அதிகம் வரும் தொந்தரவு, காதில் நீர் அல்லது சீழ் வடிவது. பயப்பட வேண்டாம். பெரும்பாலும் டாக்டர் தரும் காது டிராப்ஸே போதும், வாய்வழி ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது. ஆனால் வீட்டில் இருக்கும் பழைய டிராப்ஸை எடுத்து ஊற்றிவிடக் கூடாது. ஜென்டாமைசின், நியோமைசின் போன்ற மருந்துகள் ட்யூப் வழியாக உள்ளே போனால் உட்செவிக்குக் கெடுதல் செய்யலாம்.

குளிப்பதற்கும், மேலோட்டமாக நீந்துவதற்கும் எல்லாக் குழந்தைக்கும் காதடைப்பான் கட்டாயம் இல்லை. ஆழத்தில் முங்குவது, கிணறு, குளம் என்றால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய்க் குளியலில் காதுக்குள் எண்ணெய் விடும் வழக்கத்தை மட்டும் நிறுத்திவிட வேண்டும். விமானப் பயணத்துக்குத் தடையில்லை. ட்யூப் இருந்தால் காது அடைப்பது குறைவாகத்தான் இருக்கும்.

ட்யூப் விழுந்த பிறகு சுமார் 2 சதவீதம் பேருக்கு ஓட்டை மூடாமல் நின்றுவிடலாம். அப்போது பின்னாளில் இன்னொரு சிறு அறுவை சிகிச்சை தேவைப்படும். பறையில் வெள்ளைத் தழும்பு வரலாம், பொதுவாக அது கேட்பதைப் பாதிக்காது. சிலருக்கு மறுபடி நீர் கோத்து, மறுபடி ட்யூப் போட வேண்டிவரும். போட்டு 3 மாதத்துக்குள் ஒரு முறையும், அதன் பின் அது விழும் வரை அவ்வப்போதும் காட்ட வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு கேட்கும் பரிசோதனையை மறுபடி எடுத்தால்தான் பலன் கிடைத்ததா என்று தெரியும்.

காத்திருக்கும் 3 மாதத்தில்

காத்திருப்பது என்றால் கைகட்டி உட்காருவது இல்லை.

- குழந்தையின் முன்னால் போய், முகம் பார்த்துப் பேசுங்கள். அடுத்த அறையிலிருந்து கத்துவதால் பயனில்லை
- பேசும்போது டிவி, மிக்ஸி சத்தத்தைக் குறையுங்கள்
- பள்ளியில் மிஸ்ஸிடம் சொல்லி முன்வரிசையில் உட்கார வையுங்கள். "கவனிக்க மாட்டேங்குறான்" என்று திட்டு வாங்குவதாவது குறையும்
- வீட்டில் யாராவது புகைபிடித்தால் நிறுத்த இது சரியான நேரம். புகை காது நோயைக் கூட்டுகிறது
- படுத்தபடி பாட்டிலில் பால் குடிக்கும் பழக்கத்தை விடுங்கள்
- தடுப்பூசி அட்டையைச் சரிபாருங்கள். நியூமோகாக்கல் தடுப்பூசி 2021-ல் நாடு முழுக்க அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்துவிட்டது
- எத்தனை முறை கூப்பிட்டால் திரும்புகிறது, புதிதாக என்ன வார்த்தை சொன்னது என்று போனில் குறித்துவையுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டில் உங்கள் நினைவைவிட அது உதவும்
- முக்கியமாக, 3 மாதம் கழித்து மறக்காமல் திரும்பப் போங்கள்

இன்னொரு வேலையும் இருக்கிறது. இன்சூரன்ஸ் பாலிசியைத் திறந்து பாருங்கள். பல பாலிசிகளில் காது, மூக்கு, தொண்டை அறுவை சிகிச்சைகளுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும். ஆபீஸ் குரூப் பாலிசியில் அந்த நிபந்தனை இல்லாமலும் இருக்கலாம். டே-கேர் சிகிச்சையாக இதை ஏற்பார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

டாக்டரிடம் கேட்க ஐந்து கேள்விகள்

1. நீர் எத்தனை மாதமா இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?
2. ஒவ்வொரு காதிலும் எத்தனை டெசிபல் குறைஞ்சிருக்கு?
3. இன்னும் 3 மாதம் பொறுத்தா என் குழந்தைக்கு என்ன நஷ்டம்?
4. ட்யூப் வேண்டாம்னா வேற என்ன வழி? தற்காலிகமா ஹியரிங் எய்ட் உதவுமா?
5. அடினாய்டையும் எடுக்கணும்னா அதுக்குத் தனிக் காரணம் என்ன?

இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்லும் மருத்துவர் கிடைத்துவிட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான். பதில் திருப்தி இல்லையென்றால் இன்னொரு காது மூக்கு தொண்டை நிபுணரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுவதில் தவறில்லை. சில வாரம் தாமதமானால் கெட்டுப்போகும் ஆபரேஷன் அல்ல இது.

கடைசியாக

இந்த விஷயத்தில் இரண்டு தவறு நடக்கிறது. ஒன்று, வசதியும் இன்சூரன்ஸும் உள்ள வீட்டில், டெஸ்ட்கூட முழுசாக எடுக்காமல் அவசரமாகப் போடப்படும் ட்யூப். மற்றது, யாருமே பரிசோதிக்காததால் ஒரு வருஷம், இரண்டு வருஷம் மந்தமாகவே கேட்டுக்கொண்டு, 'படிப்பு ஏறாத பிள்ளை' என்று பெயர் வாங்கும் குழந்தை. முதல் தவறு பேசப்படும் அளவுக்கு இரண்டாவது பேசப்படுவதில்லை. ஆனால் அதுதான் பெரிய தவறு.

அதைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. காது கேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2007-லும், பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டம் 2013-லும் தொடங்கப்பட்டன. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் பரிசோதனைக் குழுவிடம், "இவளுக்குக் காது சரியா கேக்குதான்னு பாருங்க" என்று பெற்றோர் கேட்டால் அடுத்த கட்டத்துக்கு அனுப்பிவைப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இந்தப் பரிசோதனைகளைக் கேட்கலாம். எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு உயரம், எடை, தடுப்பூசி விவரமெல்லாம் கேட்கும் பள்ளிகள் ஒரு கேட்கும் பரிசோதனை ரிப்போர்ட்டையும் கேட்டால், பல குழந்தைகள் மூன்று வருஷம் முன்னதாகவே கண்டுபிடிக்கப்படுவார்கள்.

உங்கள் வீட்டில் இந்த முடிவு இப்போது மேஜையில் இருந்தால், இன்று இரவு 'ட்யூப் போடலாமா, வேண்டாமா' என்று சண்டை போட வேண்டாம். நீர் எத்தனை நாளாக இருக்கிறது, குழந்தைக்கு எவ்வளவு கேட்கிறது, பேச்சு வளர்கிறதா என்ற மூன்றுக்கும் ரிப்போர்ட்டில் பதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அதை வைத்து டாக்டரோடு உட்கார்ந்து முடிவெடுக்கலாம். இல்லையென்றால் அடுத்த வாரம் வாங்க வேண்டியது ஆபரேஷன் டேட் அல்ல, ஆடியோகிராமுக்கான அப்பாயின்ட்மென்ட்.